பிடுங்கிய செடி

எனக்குப் புத்திக்கு முன்னால் கோபம் வரும். தொண்ணூறுகளில் பாறசாலையில் எங்கள் வீட்டில் முதன்முதலாக மீன்தொட்டி வைத்தேன். காட்டாக்கடை ஊரில் ஒரு கடையில் வாங்கி அதற்குள் நட்ட நீர்ச்செடிகளின் இலைகள் ஒரே வாரத்தில் கரைந்து கூழாகிவிட்டன. எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் போட்டு அந்தக் கடைக்கு பஸ் ஏறினேன்.

"எலே, அழுகின செடியை வித்து ஆளை ஏமாத்துதியா?" என்று கடைக்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

"சாரே, தண்ணி மாறினா எலை போவும். வேருக்கு உயிரு உண்டு. பிடுங்காம விட்டா துளிர்க்கும்" என்றார் அவர்.

"நீ கள்ளனாக்கும்!" என்று பையை அவர் முன்னால் வீசினேன். செடி வாங்க நின்றவர்கள் வாங்காமலே போய்விட்டார்கள்.

வீட்டுத் தொட்டியின் மணலுக்குள் ஒரு வேர் மிஞ்சியிருந்தது எனக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் அது பச்சையாகத் துளிர்த்தது. மன்னிப்புக் கேட்க ஓடினேன். கடையில் செடித்தொட்டி காலியாகக் கிடந்தது.

"நீங்க கத்தினதுக்குப் பொறவு ஆரும் செடி வாங்கல்ல. நிறுத்தியாச்சு" என்றார்.

தலைகுனிந்து, கொண்டுபோன பாட்டிலை நீட்டினேன். உள்ளே அந்தத் துளிர் வேரோடு மிதந்தது. அதைப் பார்த்ததும் அவர் தலையில் கைவைத்தார்.

"இதையும் பிடுங்கியாச்சா சாரே?"

அவரிடம் கோபப்பட எனக்கு எந்த யோக்கியதையும் இருக்கவில்லை. அன்று வந்த கோபம் என் மேல்தான். அது இன்னும் தீரவில்லை.