கடிக்க முடியாத மூன்று மணி நேரம்

கிராம்பு வாசனை வந்தால் போதும், பார்சிப்பனியில் நான் பார்த்த அந்தப் பல் டாக்டர் வந்து நின்றுவிடுவார். வழுக்கை உச்சியில் யூதர்களின் சின்னக் குல்லா. நம் வாயில் கருவியைத் திணித்த பிறகுதான் கேள்வி கேட்பார்; பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

“தூக்கத்துல பல்லைக் கடிச்சே உடைச்சிருக்கீங்க. யார் மேல கோபம்?”

என் மேல்தான். பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் அண்ணனுக்கு, நேரில் போய் அழைக்காமல், மகளின் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வரவில்லை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. வாய் மரத்துப்போக ஊசி போடும் முன் இதைச் சொல்லி முடித்தேன்.

“எங்க வேதத்துலயும் ஒரு தம்பி அண்ணனை ஏமாத்திட்டு ஓடினான். ரொம்ப வருஷம் கழிச்சு அண்ணன் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு முத்தம் குடுத்தான். ரெண்டு பேரும் அழுதாங்க. மனசார குடுத்த முத்தம்னு ஒரு உரை. இல்ல, கடிக்க வந்தான், தம்பி கழுத்து பளிங்கா மாறிடுச்சுன்னு இன்னொரு உரை. தம்பி கழுத்து வலியில அழுதான், அண்ணன் பல் வலியில!”

திறந்த வாயோடு சிரித்தேன், எச்சில் வழிந்தது.

“நீங்க எந்தக் கட்சி?” என்று குழறினேன்.

பல்லைச் சரிசெய்து முடித்து, வாசல்வரை வந்தார்.

“மரப்பு போக மூணு மணி நேரம் ஆகும். எடிசன் கார்ல நாப்பது நிமிஷம். உங்களால கடிக்கவே முடியாது, இப்பவே போய்க் கட்டிப்பிடிங்க.”