இருபத்திரண்டு வாரம், நான்கு நாள்

"கடைசியா தலைக்குக் குளிச்சது என்னைக்கும்மா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் டைப்பிஸ்ட் அக்கா விசைப்பலகையில் கை வைப்பார். சுவர் நாட்காட்டியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, பென்சில் நுனியால் ஒவ்வொரு வாரமாகத் தொட்டுக்கொண்டே வருவார். வக்கீல் குறிப்பில் 'சுமார் ஐந்து மாதம்' என்று கண்டால் முகம் சுண்டிவிடும். "சுமாருக்கெல்லாம் எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. வாரம் சொல்லுங்க, நாள் சொல்லுங்க."

நீதிமன்றத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் அவருடைய அறை. ஐந்தடி அக்காவுக்குக் கூரை இடிக்காது, வக்கீல்களுக்கு இடிக்கும். "உள்ள வரும்போதாவது கொஞ்சம் குனியட்டுமே" என்பார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காதுதான் மிச்சம், மறுபக்கம் நூல். எழுத்துப்பிழையை மட்டும் பொறுக்கமாட்டார். "கேஸ் தோத்தா வக்கீல் பாத்துக்குவாரு. ஒற்று விட்டுப்போனா என் மானம் போகும்."

இருபது வாரத்தைத் தாண்டிவிட்டால் கருக்கலைப்புக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படிப்பட்ட மனுக்களை ஒன்பது ஆண்டுகளாக அடித்து வருகிறார் அக்கா. எதிர்த்தரப்புக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறார். "நான் எந்தக் கட்சியும் இல்ல. ஆனா கண்ணு இருக்குல்ல?"

அன்று நான் என் வாடகை ஒப்பந்தத்துக்காக அங்கே காத்திருந்தேன். லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். குழந்தைக்கு மண்டை ஓடே உருவாகவில்லை, பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கவே மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா எண்ணினார்: இருபத்திரண்டு வாரம், நான்கு நாள்.

வக்கீல் குறிப்பைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மெல்லக் கேட்டாள். "அக்கா, 'கரு'ன்னு போடாதீங்க. குழந்தைன்னே போடுங்களேன். நாங்க ஆசைப்பட்டுப் பெத்துக்க இருந்ததுதான்."

அக்கா முதல் பத்தியிலிருந்து 'கரு'வையெல்லாம் 'குழந்தை' என்று மாற்றினார். வக்கீல் பிறகு வந்து திட்டினார் என்று கேள்வி.

முதல் விசாரணையன்று நீதிபதி விடுப்பு. அடுத்த வாரம் மருத்துவக் குழுவின் அறிக்கை வரவில்லை. அது வந்தபோது அதில் ஒரு கையெழுத்து குறைந்தது. பிறகு, கூடுதல் விளக்கம் வேண்டுமென்றார்கள். ஒவ்வொரு தடவையும் வாரத்தைத் திருத்திப் புது மனு. "தேதி தேதின்னு தள்ளிப் போடறானுங்களே, வயிறு தள்ளிப் போடுமா?" என்று அக்கா போவோர் வருவோரிடமெல்லாம் பொரிந்தார்.

இதற்கிடையில், இனி நீதிமன்றம்கூட அனுமதி தர முடியாதபடி ஆக்க ஒரு மசோதா வந்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்க நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் போனார்; நானும் கூடவே போனேன்.

மேடையில் ஒரு கனவான் கனிந்த குரலில் பேசினார். "ஆறு மாசம் சுமந்துட்டு, திடீர்னு மனசு மாறி வேணாம்ங்கறாங்க. உயிர்னா அவ்வளவு இளக்காரமா?" கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"ஐயா, நாப்பத்தொரு மனு அடிச்சிருக்கேன். 'மனசு மாறிடுச்சு'ன்னு ஒண்ணுலகூட நான் அடிக்கல."

"நீங்க டாக்டரா?" என்றார் கூட்டத் தலைவர்.

"இல்ல."

"வக்கீலா?"

"டைப்பிஸ்ட்."

மண்டபம் சிரித்தது. அக்கா குரலை உயர்த்தினார். "சிரிங்க. அந்தப் பொண்ணுங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள்ல ஒருத்தருக்காவது ஒரு பேரு தெரியுமா? உயிரப் பத்திப் பேச வந்துட்டீங்களே, அந்த வயித்தத் தூக்கிட்டு கோர்ட்டுப் படி ஏறுறவளுக்கும் உயிருதானே இருக்கு?"

ஒலிவாங்கியை அணைத்தார்கள். அணைத்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

அடுத்த விசாரணைக்கு முந்தைய நாள் காலையிலேயே மெக்கானிக்கின் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. குழந்தை நாற்பது நிமிடம் இருந்தது. அழவில்லையாம்.

அதற்கடுத்த வாரம் மெக்கானிக் தனியாக வந்தார். மனுவைத் திரும்பப் பெற வேண்டும். சவரம் செய்யாத முகத்தோடு சுவரோரம் நின்றார். வக்கீல் குனிந்து உள்ளே வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். "மனு பயனற்றுப் போய்விட்டபடியால்..."

அக்காவின் விரல்கள் நின்றன.

"என்னம்மா? அடிங்க. எல்லாத்துக்கும் போடுற வாசகம்தானே?"

அக்கா மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையை இரண்டு கையாலும் தூக்கி, வயர் இழுக்க இழுக்க, வக்கீலின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.