ஐந்தாவது வாரத்தில் இரண்டு இறால்

முதல் அறிகுறி எச்சில். வாயில் சுரந்துகொண்டே இருந்தது, விழுங்கினால் இறங்கவில்லை. நெஞ்சுக்கு நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் ஒரு கனம். எதிரே வாழையிலை. இலையில் சோறு, சீலா மீன் குழம்பு, நண்டு, இறால் தொக்கு. நான் தின்றிருந்தது இரண்டு இறாலும் ஒரு கைச் சோறும்.

இடம் ஜெகதாப்பட்டினம். என் தங்கை லூர்துமேரியின் மகள் பிரின்ஸிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர். தங்கையின் வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் எங்கள் தரப்புக்குத் தலைமை நான்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில், பிடிக்கவில்லை என்றால் கை நனைக்க மாட்டார்கள். காப்பியோடு எழுந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். வாயால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கச்சிதமான ஏற்பாடுதான். தாய்மாமனின் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்திருப்பார்கள் என்று இதை ஏற்படுத்தியவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கடலுக்குப் போன ஒரு படகு திரும்பவில்லை, கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதோ என்று ஊரே கவலையில் இருந்தது. அதற்கு நடுவிலும் அவர் என் இலையைக் கவனித்தார். "என்ன சார், கோழி மாதிரி கொறிக்கிறீங்க?"

அவருடைய மனைவி கரண்டியோடு வந்தார். "ரெண்டு இறா வைக்கிறேன்ணே. ஒங்க ஒடம்புக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?"

என் உடம்பு அப்போது நூற்றுப் பதினாலு கிலோ. அவர் சந்தேகப்பட வழியே இல்லை.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்தேன். வந்ததில் பெரும்பங்கு நுரை. நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் அத்தை சொம்போடு நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீரைக் கொடுத்தார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஆபரேஷனுக்கு முன் எனக்கு நாற்பத்தொன்பது வயது, நூற்று இருபத்தெட்டு கிலோ, சர்க்கரை. கூடவே ஸ்லீப் ஆப்னியா (தூங்கும்போது மூச்சு விட்டுவிட்டு நின்றுபோவது). குன்றாண்டார்கோவில் ஒன்றிய அலுவலகத்தில் வேலை. கோப்பின் மேல் கையும் கையின் மேல் தலையுமாக மதியங்களைக் கழித்தேன். குறட்டையை வைத்தே நான் இருக்கிறேனா என்று மக்கள் வாசலில் தெரிந்துகொண்டார்கள்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை (இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஒல்லியான குழாயாக்குவது) செய்துகொண்டேன். உணவு முறையை அச்சடித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நீராகாரம். இரண்டு வாரம் மசித்தது. பிறகு குழைந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் மற்றவை. அதை மூன்று முறை படித்தேன். நிறையப் படிக்கிறவன் நான். படித்த எதையும் கடைப்பிடித்ததாக நினைவில்லை.

விஷயம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று அலுவலகத்தில் பேசுவார்கள் என்று பயந்தேன். அது முழுக்க உண்மை என்பதால் பயம் அதிகமாக இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் "எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மசித்துக் கொடுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இறாலை எடுத்தேன். இறால் ரப்பர் மாதிரி. எவ்வளவு மென்றாலும் துண்டு துண்டாகத்தான் போகும். ஐந்தாவது வாரத்தில் அதைத் தொடவே கூடாது.

அன்று முதல் எதுவும் தங்கவில்லை. கஞ்சி வந்தது. மோர் வந்தது. மூன்றாம் நாள் தண்ணீரும் திரும்பி வந்தது. ஆபரேஷன் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நாலாம் நாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்குக் குடிச்சுட்டா வந்தீங்க?"

"இல்லை."

"பின்ன எதுக்கு அவுக கொல்லையில போயி வாந்தி எடுத்தீங்க? எலையில எல்லாம் அப்படியே கெடந்துச்சாம். ஒண்ணு புடிக்கலைன்னு இருக்கணும், இல்லாட்டிக் குடிச்சிருக்கணும், எதுன்னு அந்தம்மா கேக்குது. நான் எதைச் சொல்ல?"

குடித்திருந்தேன் என்று ஒப்புக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். குடியை ஊர் மன்னித்துவிடும். தாய்மாமன் குடித்துவிட்டு வந்த வீடுகளில் எத்தனையோ கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்கிறது. அதைச் சொல்லத் தெம்பில்லாமல் போனை வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் பிரின்ஸியே வந்தாள். திருச்சியில் இன்னொரு மருத்துவமனையில் நர்ஸ் அவள். சண்டை போடத்தான் வந்திருந்தாள் என்பது செருப்பைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது. உள்ளே வந்து, என் பக்கத்தில் இருந்த அளவுக் குவளையையும் எச்சில் துப்பும் கிண்ணத்தையும் பார்த்தாள். குரல் மாறிவிட்டது.

"மாமா, ஸ்லீவா, இரைப்பை பைபாஸா?"

"குடலிறக்கம்."

"குடலிறக்கத்துக்கு எந்த ஊர்ல மாமா மில்லி கணக்குல தண்ணி குடிக்கச் சொல்றாங்க?"

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "சொல்லிருங்க. எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

பிரின்ஸி என் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கினாள். தூக்கியது அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியதற்கு அது அடையாளம். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். இரண்டு நாளாகப் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கார் பிடித்து வரச் சொன்னாள்.

"ஒன் கல்யாணப் பேச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அது நிக்கட்டும் மாமா. கால் நிக்குதான்னு பாப்போம்."

திருச்சியில் முதலில் நரம்பு வழியாக பி1 வைட்டமின் கொடுத்தார்கள் (வாந்தி தொடர்ந்தால் சீக்கிரம் தீர்ந்துபோவது; தீர்ந்தால் நரம்பும் மூளையும் கெடும்). பிறகுதான் மற்றதெல்லாம். எண்டோஸ்கோபியில் (வாய்வழியாகக் குழாயை விட்டு உள்ளே பார்ப்பது) இரைப்பை நடுவில் சுருங்கியிருந்தது தெரிந்தது. அதற்கு ஸ்ட்ரிக்சர் (வழி குறுகிப்போதல்) என்று பெயர். இறால் அங்கே இல்லை. அது என்றைக்கோ திரும்பி வந்துவிட்டது. குறுகல் எப்படியும் வந்திருக்குமாம். இறால் அதை முந்திக்கொண்டு அறிவித்ததோடு சரி.

"ஏன் ஆறு நாள் வரலை?" என்றார் மருத்துவர்.

"ஆபரேஷன் பண்ணா வாந்தி வரும்னு நெனச்சேன்."

"தண்ணியே தங்கலைன்னா அன்னைக்கே வரணும். சரி, இறால் சாப்பிடச் சொன்னது யாரு?"

"சம்பந்தி வீட்டில்."

அவர் அதைக் குறிப்பில் எழுதினாரா என்று தெரியவில்லை.

சின்ன பலூன் ஒன்றை உள்ளே அனுப்பி, ஊதி, வழியை விரித்தார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதோடு தடை நீங்கியது. கதை இங்கே முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வழி திறந்த பிறகு நான் சாப்பிடவில்லை. தண்ணீர் இறங்கியது, மோர் இறங்கியது. குழைந்த பருப்பை வாயில் வைத்தால் தொண்டை பூட்டிக்கொண்டது. வலிக்கும் என்று ஞாபகம் வரும். ஞாபகம் வந்ததும் துப்பிவிடுவேன். நாற்பத்தொன்பது வருடம் சாப்பாட்டைப் பார்த்து ஒரு நாளும் பயந்திராதவன், ஒரு கரண்டி பருப்புக்கு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் தவக்காலம் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டில், "சார் இந்த வருசம் கடுமையா ஒருசந்தி இருக்காக" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள் (ஒருசந்தி என்றால் ஒரே வேளை உண்டு நோன்பிருப்பது). மறுக்கவில்லை. என் பக்திக்கு அதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை.

எடை தொண்ணூற்றாறுக்கு வந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. மருத்துவர் இந்த முறை சிரித்துப் பேசவில்லை. "வழி தெறந்திருக்கு. நீங்கதான் அடைச்சு வச்சிருக்கீங்க. மூணு வாரம் பாப்பேன். புரதம் உள்ள போகலைன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் உணவு."

அந்த வாரம் பிரின்ஸி ஒரு வேலை வைத்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க மாமா. அம்மா சொன்னா அழுதே காரியத்தக் கெடுத்துரும்."

சொன்னேன். போனை எடுத்தவர் மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் ஐஸ் நொறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வயித்த வெட்டி எடுத்துட்டாகளா? முழுசாவா?"

"முக்கால்வாசி."

"இதுக்கா சார் மறைச்சீங்க? நாங்க என்னென்னமோ நெனச்சுட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. எங்க வீட்டுச் சோறு ஒங்ககிட்ட தங்காம வெளிய வந்துருச்சு. அதோட பேச்ச முடிக்க எனக்கு மனசு வரல. தவக்காலம் போகட்டும். ஈஸ்டர் கழிச்சு வாங்க. ரெண்டு வாயாச்சும் எறங்கணும்."

மருத்துவர் கொடுத்ததும் மூன்று வாரம், ஈஸ்டருக்கு இருந்ததும் மூன்று வாரம். மூக்குக் குழாய் ஒரு பக்கம், மருமகள் கல்யாணம் ஒரு பக்கம். நடுவில் அவித்த முட்டையில் பாதி.

ஸ்டெல்லா குழந்தைக் கரண்டி வாங்கி வந்தாள். முட்டையை மோர் விட்டு மசித்தாள். ஒரு கரண்டி, முப்பது மெல்லல், கரண்டியைக் கீழே வைத்தல், இரண்டு நிமிடம் சும்மா இருத்தல். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி கழித்துத்தான். முதல் நாள் ஒரு கரண்டி இறங்கியது. மறுநாள் அதுவும் இல்லை. "இன்னைக்கு எறங்கலைன்னா நாளைக்கு" என்று கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். கெஞ்சியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். பத்தாம் நாள் அரை முட்டை உள்ளே நின்றது; நாற்பது நிமிடம் ஆனது. எனக்கு ஒரு பயனுள்ள தகவலும் கிடைத்தது. என் புது இரைப்பை நிறைந்தால் மூக்கில் நீர் வடிகிறது. சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல் என்றாள் பிரின்ஸி. உங்களுக்கு எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வாய் போனால் அது திரும்பி வரும்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ஜெகதாப்பட்டினம் போனோம். சீலா மீனை முள் எடுத்து, மிளகாய் இல்லாமல் அவித்து வைத்திருந்தார்கள். சோறு களியாகக் குழைந்திருந்தது. நான் பையிலிருந்து குழந்தைக் கரண்டியை எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவதும். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை கழுவாமல், என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கையின் உதடுகள் அசைந்தன. ஜெபமாலை சொல்கிறாள் என்று புரிந்தது. ஐந்தாவது கரண்டியில் மூக்கில் நீர் வந்தது. இன்னும் ஒரு வாய் போகும் போலத்தான் இருந்தது. மீன் நன்றாக இருந்தது. அந்த இன்னும் ஒரு வாய்தான் என்னை நூற்று இருபத்தெட்டு கிலோ ஆக்கியது. மாப்பிள்ளையின் அம்மா கரண்டியோடு குனிந்தார்.

"போதும்," என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அம்புட்டுத்தான்."

கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் திரும்பி வரவில்லை. அவர் எழுந்தார். "சரி. பங்குச் சாமியார்கிட்டப் பேசி, கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்." லூர்துமேரி வாய்விட்டு அழுதாள். பிரின்ஸி கணித்தது சரிதான். நல்லவேளை, காரியம் முடிந்த பிறகு.

இப்போது எட்டாவது மாதம். எண்பத்து நாலு கிலோ. மூக்குக் குழாய் தேவைப்படவில்லை. பாதத்தில் எறும்பு எப்போதாவது ஊர்கிறது. முடி திரும்ப முளைக்கிறது, முன்பு இல்லாத திசைகளில். பசி வரவில்லை, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். கண்ணாடியில் தெரிகிற ஆளை இன்னும் சரியாகப் பழக்கமில்லை. கதவுகளில் இப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன்.

பிரின்ஸியின் கல்யாணம் மழையில்லாமல் நடந்தது. முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். எல்லோருக்கும் பிரியாணி, எனக்குத் தயிர்ச்சோறும் முட்டையும். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டு எழுந்தார். அந்த இடத்தில் ஆவூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் உட்கார்ந்தார், படகுக்காரர்கள் திரும்பி வந்த விவரத்தைச் சொன்னார், எழுந்தார். பிறகு யாரோ ஒரு பெண், இரண்டு குழந்தைகளோடு. மேசைத்தாளை மூன்று முறை மாற்றினார்கள். என் இலையின் கீழே இருந்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். மூன்றாவது பந்திக்கு இலை போட வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னும் முடிக்கலைங்களா?"

"பாதி வந்திருக்கேங்க," என்றேன். "நீங்க சுத்திப் போட்டுக்கிட்டுப் போங்க."