திருத்தணிக்கு ஒற்றைத் தோளில் ஒரு காவடி

பைக்கில் விழுந்து வலது தோளில் ஆபரேஷன் ஆனபோது, கை பழையபடி வந்தால் திருத்தணிக்குப் பால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். கை வந்துவிட்டது. ஆனால் அந்தத் தோளில் இனி எதையும் ஏற்றக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, கிளம்பியே விட்டேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் இரண்டு மணி நேரம். திருத்தணியில் இறங்கி பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் போனால் கே.ஜி.கண்டிகை. அங்கே இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார் எஸ்தர். முப்பத்தைந்து வயதிருக்கும். சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்வதும் அவர்தான், காவடி செய்வதும் அவர்தான். போனிலேயே என் தோள் அளவை வாங்கியிருந்தார்.

காவடித் தண்டு இடது தோளில் மட்டும் உட்காரும். வலப்பக்கம் நீளம், இடப்பக்கம் குட்டை. அந்தக் குட்டைப் பக்கத்தில் கனத்த இரும்புத் தகட்டில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற ஒரு மயில். அப்பப்பா, என்ன நீலம்!

"அழகுக்கா, எடைக்கா?" என்றேன்.

"ரெண்டுக்குந்தாண்ணா. கல்லு கட்டினாலும் நிக்கும். பாக்க நல்லா இருக்காதே."

இரண்டு முனையிலும் பால் சொம்பு. பாரம் குறையட்டும் என்று நான் பாதிப் பாதிதான் ஊற்றினேன். மீதிப் பால் தூக்குவாளியில். "தரையில நிக்குது, படியில எப்டி ஆடும்னு பாக்கணும்" என்று எஸ்தரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். மலையடிவாரத்துக்கு 250 ரூபாய்.

மொத்தம் 365 படி. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து, தொண்ணூறு படிவரை ராஜா மாதிரி ஏறினேன். அப்புறம் ஒவ்வொரு படிக்கும் நீளப் பக்கம் தாழ்ந்து ஆபரேஷன் செய்த இடத்திலேயே இடித்தது. உயிர் போயிற்று. காவடியைப் பாதியில் தரையில் வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வைத்தால் வேண்டுதல் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எஸ்தர் சட்டென்று தண்டைத் தாங்கி, சொம்பை எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, பாதிதான் ஊத்திகினு வந்தீங்களா?"

"எடை குறையுமேன்னு…"

"ஆங், அங்கதான் கோளாறு. உள்ள எடம் இருந்தா பாலு முன்னயும் பின்னயும் போய்க்கினே இருக்கும். அதுதான் இழுக்குது."

இறங்கி வந்த ஒருவரிடம் தண்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தூக்குவாளிப் பாலால் இரண்டு சொம்பையும் வாய் ததும்ப நிரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினார். நீளப் பக்கம் இன்னும் தாழ்ந்தது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, மயிலைக் கழற்றி, தண்டில் வரிசையாகப் போட்டிருந்த ஓட்டைகளில் ஒன்று வெளியே தள்ளி மாட்டினார். தண்டு நேரானது.

"கனம் கூடிடுச்சேம்மா!"

"கூடட்டும்ணா. ஆடாத கனம் ஒண்ணும் பண்ணாது. நடங்க."

நடந்தேன். வலது தோளை அது தொடவே இல்லை. பதினொன்றுக்குச் சந்நிதியில் பாலைக் கொடுத்துவிட்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

காவடி எடுக்கப் போகிறவர்களுக்கு: முதல் நாளே போய்த் தங்கி, ஆறு மணிக்குப் படியேறுங்கள், ஒன்பதுக்கு மேல் கல் சுடும். சொம்பை நிரப்பிக் கட்டுங்கள். கார் மலைமேல் வரைக்கும் போகும், ஏற முடியாதவர்களுக்கு அதுவும் சரிதான். நான் படித்த இயற்பியலுக்குச் சொம்பு விஷயம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படித்தேன், பார்த்ததில்லை.

வெளியே வந்து எஸ்தருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் காலிச் சொம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டுதல் முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுதும்மா."

"அப்ப குடுங்க. எறங்கும்போது எப்டி ஆடுதுன்னு இன்னும் பாக்கலயே."

காவடியை வாங்கித் தன் இடது தோளில் வைத்துக்கொண்டு, படியில் காலை வைத்தார்.