பெயர் தெரியாதவருக்கு முதல் பத்திரிகை

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. கல்யாணம் முடிகிறவரை எழுத வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். போன ஞாயிறு கல்யாணம் முடிந்தது. இனிமேல் சொல்லலாம்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். ஆக்டிங் டிரைவர். கார் உங்களுடையது, ஓட்டுகிற கை என்னுடையது. வீடு கோட்டூர்புரத்தில், வேலை ஊரெல்லாம். அண்ணாச்சிக்கு தி.நகரில் பாத்திரக்கடை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் அண்ணாச்சிதான். அவர் சம்சாரம் எனக்கு அக்கா. இதற்கும் வயது பார்க்காதீர்கள்.

அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக்கூட யாருக்கும் நீட்ட முடியாது. முதல் பத்திரிகை குலசாமிக்கு வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மனிதர்களுக்கு. சாமி இருப்பதோ திருநெல்வேலிக்கும் அந்தப் பக்கம், ஒரு குளத்தங்கரையில். கோயில் எல்லாம் கிடையாது. ஒற்றைக் கல், அதில் வாளோடு ஒரு ஆள். அவ்வளவுதான்.

அண்ணாச்சியையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்பி, மறுநாள் காலை போய்ச் சேர்ந்தோம். குளம் இருந்தது. கரை தார் ரோடாகியிருந்தது. சாமியைக் காணோம்.

அண்ணாச்சி ரோட்டோரமாக இங்கும் அங்கும் நடந்தார். முனையில் டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். ரோட்டை அகலப்படுத்தும்போது ஆபீசர்கள் வந்து கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்து டவுன் மியூசியத்தில் வைத்துவிட்டார்களாம். நாலு வருஷம் ஆகிறதாம். வேண்டாம் என்று சொல்ல ஊரில் இவர்கள் சொந்தக்காரர் ஒருவரும் பாக்கி இல்லை. எல்லாரும் சென்னை, பம்பாய் என்று போய்விட்டார்கள். அண்ணாச்சியே கடைசியாக வந்தது பையனுக்கு மொட்டை போட. அதற்கு இருபது வருஷம் ஆகிறது.

காரில் ஏறும்போது அக்கா மெல்லச் சொன்னார். "இருவது வருசமா எட்டிப் பாக்கல. அவர் எதுக்கு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும்?"

மியூசியம் எனக்குப் புதிசு இல்லை. சவாரி போன ஊர்களில் எத்தனையோ மியூசியம் பார்த்திருக்கிறேன் — பார்க்கிங்கிலிருந்து. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மெட்ராஸில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பேர். மிருகங்களை உயிரோடு வைத்திருக்கும் இடம் உயிர் காலேஜ். ஒரே ஒரு தடவை நைனா எங்களைச் செத்த காலேஜுக்குள் கூட்டிக்கொண்டு போனார். திமிங்கலத்தின் எலும்பைப் பார்த்து என் தம்பி அப்படி அழுதான். அதற்கப்புறம் நான் எந்த மியூசியத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. இந்தத் தடவை வைக்க வேண்டியதாகிவிட்டது. தாம்பூலத் தட்டைத் தூக்க ஆள் வேண்டுமே...

பழைய ஓட்டுக் கட்டடம். வாசலில் மூன்று பேரும் செருப்பைக் கழற்றினோம். நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மாள் வெளியே வந்தார். அங்கே எல்லாமே அவர்தான் — பூட்டைத் திறப்பது, பெருக்குவது, டிக்கெட் கிழிப்பது, ஆள் வந்தால் டியூப் லைட் போடுவது. இது கோயில் இல்லை, செருப்போடு வரலாம் என்றார். யாரும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே மரக்கால், உலக்கை, ஓலைச்சுவடி. ஒரு வால்வு ரேடியோ. அதே மாதிரி ரேடியோ போன வருஷம் வரை எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. இங்கே அதற்குத் 'தொடாதீர்கள்' என்று போர்டு.

கடைசி அறையில் மூன்று கற்கள். முன்னால் கயிறு கட்டியிருந்தது. நடுவில் இருந்தவரின் முழங்கை உடைந்திருந்தது. அக்கா அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அந்த முழங்கைக்குக் கீழே உட்கார வைத்துத்தானே மொட்டை போட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே அட்டை: 'வீரக்கல். வாளேந்திய வீரன். பெயர் தெரியவில்லை.'

அக்கா பத்திரிகையை எடுத்துக் கயிற்றுக்கு மேலே கையை நீட்டினார்.

"கயித்துக்கு உள்ள எதையும் வைக்கக் கூடாதும்மா" என்றார் அந்த அம்மாள்.

அண்ணாச்சி சொல்லாத சமாதானம் இல்லை. கற்பூரம் வேண்டாம். தேங்காய் வேண்டாம். பத்திரிகை மட்டும் ஒரே நிமிஷம், வைத்து எடுத்துவிடுகிறோம். அந்த அம்மாள் மசியவில்லை. வீம்பு என்று சொல்ல முடியாது. போன வருஷம் யாரோ பக்கத்துக் கல்லில் குங்குமத்தை அப்பிவிட்டுப் போக, இவருக்கு மெமோ வந்திருக்கிறது. தற்காலிக வேலை. இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இன்னைக்குப் பத்திரிகைன்னு விட்டா நாளைக்கு ஒருத்தர் கிடாயோட வருவாரு சார்."

"இவரு எங்க குலசாமிம்மா."

"சரி சார். சாமி பேரு என்ன?"

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணாச்சியைப் பார்த்தார். வீட்டில் எல்லாருக்கும் அவர் 'ஐயா'. ஐயாவுக்கு நேர்ந்துகொண்டேன், ஐயா காப்பாத்துவார்... பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. பம்பாயில் இருக்கும் சித்தப்பாவுக்கு அண்ணாச்சி போன் போட்டார். அவரும் யோசித்து, யோசித்து, "ஐயாதாம்ல" என்றார்.

அந்த அம்மாள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். இவரும் அந்த ஊருக்கு இரண்டு தடவை பஸ் பிடித்துப் போய் விசாரித்துவிட்டு வந்தாராம். பேர் தெரியவில்லை என்று எழுதியவரைக் குறை சொல்வது சுலபம். தெரிந்திருக்க வேண்டியவர்கள் எல்லாம் எங்கே போனோம்?

இதற்குள் எனக்குக் கை கடுத்துவிட்டது. தட்டு கனம். அக்கா பத்திரிகையைத் திரும்பவும் தட்டில் வைத்திருந்தார். படித்தவர்கள் கல்யாணப் பத்திரிகையில் என்ன பார்ப்பார்கள்? தேதி, மண்டபம், மாப்பிள்ளையின் டிகிரி. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். இந்தப் பக்கம்கூட நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதுதான். எனக்கு உச்சியிலிருந்துதான் ஆரம்பிக்க வரும். முதல் வரி பிள்ளையார். இரண்டாவது வரியில் ம... டை... கா...

"அண்ணாச்சி, மடைகாத்தசாமி துணைன்னு போட்டுக்கீதே. அது யாரு?"

அச்சகத்தில் மேலே என்ன போடுவது என்று கேட்டபோது, தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டி "இது மாதிரியே" என்றாராம் அண்ணாச்சி. அதை அவர் அப்பா, தன்னுடைய பத்திரிகையைப் பார்த்துப் போட்டிருப்பார். இத்தனை கல்யாணத்திலும் அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை.

அந்த அம்மாள் பத்திரிகையை என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பீரோவைத் திறந்து ஒரு பெரிய நோட்டை எடுத்தார். கல் கிடைத்த இடம் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். குளத்து மடை ஓரம். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற வாசல்தான் மடை.

"மடையக் காத்தவரு" என்றார் தனக்குத்தானே.

பத்திரிகையின் பின்பக்கம் நம்பர் போட்டார். தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது ஆதாரம் சார். ஆதாரத்தக் கல்லோட வைக்கலாம். அதுக்கு ரூல் இருக்கு."

கயிற்றுக்குக் கீழே குனிந்து போய், அவரே தன் கையால் பத்திரிகையைக் கல்லின் காலடியில் சாய்த்து வைத்தார். அட்டையில் கடைசி இரண்டு வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே பேரை எழுதினார்.

அக்கா கை கூப்பினார். "ஐயா, உங்க பேத்தி கல்யாணம். முன்னாடி வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றார். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "நீங்களும் வரணும்" என்றார்.

"அவர வெளிய அனுப்ப எனக்கு அதிகாரம் கெடையாதும்மா. வேணும்னா நான் வாரேன்."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிறு ரயிலேறி வந்துவிட்டார். சாமி வீட்டு ஆள் என்று அண்ணாச்சி அவரை முதல் பந்தியில், என் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்.

இலையில் இரண்டு ஜாங்கிரி வைத்தார்கள். ஒன்றைச் சாப்பிட்டார். இன்னொன்றைப் பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். யாருக்கென்று நான் கேட்கவில்லை.