புளி போட்டுத் துலக்கிய கிண்ணம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நட்டமில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

ஜெகதளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. போன வருஷம் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்கக் குழி வெட்டினோம். வட்டமாகக் கல் பதித்திருந்த ஓரிடத்தில் கடப்பாரை ஒரு பலகைக் கல்லில் இடித்தது. புரட்டினால் கீழே உடைந்த தாழி, கரிந்த எலும்பு, துருப்பிடித்த அரிவாள், பச்சைக் களிம்பு ஏறிய ஒரு சின்னக் கிண்ணம். அரசாங்கத்து ஆட்கள் வரும்வரை கிண்ணத்தை நீயே பத்திரமாக வைத்திரு என்றார் மேனேஜர்.

எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது நாலு வயது. காது நன்றாகக் கேட்கும், வாயில்தான் ஒரு சொல் வந்ததில்லை. கோயம்புத்தூர் வரை காட்டாத டாக்டர் இல்லை. ஒருதரம் அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்று ஏங்கிப் போயிருந்தேன்.

அன்று சாயங்காலம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி ஸ்டெல்லா அந்தக் கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்கி, அதிலேயே ஜெனிக்குக் கஞ்சியும் ஊற்றிவிட்டாள்.

"அடிப்பாவி, அது பொணத்தோட வெச்சதுடி!"

"நல்ல வெங்கலமுங்க. ஊட்டுல சும்மா கெடக்கோணுமா?"

ஜெனி தலையை நிமிர்த்தி, "அம்மா, இன்னுங் கொஞ்சம்" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எட்டு நாள் பேசினாள். அப்பா என்றாள், மழை என்றாள், பக்கத்து லயத்து வீட்டுக் கோழியைத் திட்டினாள். கிண்ணத்தில் சாப்பிடுவதால்தான் பேசுகிறாள் என்றாள் ஸ்டெல்லா. போடி பைத்தியமே என்றேன். சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும் என்று டாக்டரே சொல்லியிருந்தாரே.

ஒன்பதாம் நாள் தொல்லியல் துறை அதிகாரி வந்தார். "ஏனுங்க, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க" என்று ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்தாள். வேலை போய்விடுமே என்று பயந்து நானேதான் எடுத்துக் கொடுத்தேன். புளி போட்டா துலக்குவார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு, அவர் அதைப் பஞ்சில் சுற்றினார்.

ஜெனி வாசலுக்கு ஓடிவந்தாள். "அப்பா, குடுக்காதீங்க. அந்தப் பாப்பா எதுல சாப்பிடும்?"

எந்தப் பாப்பா என்று நான் கேட்டேன், ஸ்டெல்லா கேட்டாள். அதன்பிறகு ஜெனி எதுவுமே பேசவில்லை.

இப்போது ஐந்து முடிந்துவிட்டது. சாப்பிடும்போது பாதிச் சோற்றைத் தட்டில் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். ஸ்டெல்லா அதை எடுத்துக் கொட்டுவதில்லை. நானும் கொட்டச் சொல்வதில்லை.