பேப்பருக்கு ஒரு வெடி

தார் வீதிக்கு இறங்க இன்னும் பத்து கிலோமீட்டராவது இருந்தது. மர லொறிகள் ஓடித் தேய்த்த சரளைப் பாதை. தோளில் ஒரு பை, காலில் நனைந்த சப்பாத்து. எனக்குப் பின்னால் மலையில் அண்ணை இன்னும் பள்ளங்களுக்குள் சுடுபட்ட மரைமானைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. டண்டினொங் புறநகரில் அவர் வீட்டுப் பின்னறையில் பதினாலு மாதம் இருந்தேன். அவர் வேலை செய்த கிடங்கில் எனக்கும் வேலை எடுத்துத் தந்தார். ஒரே இடத்தில் நான் அவ்வளவு காலம் தங்கியது அதற்கு முன் இல்லை. அந்த வீட்டில் அவருடைய தம்பியும் தம்பியின் மனைவியும் இருந்தார்கள். தம்பிக்குக் குடலில் புற்றுநோய்.

வேட்டைக்குத் துவக்கு வாங்கியது தம்பியின் ஆசையால். அண்ணையும் தம்பியும் வன்னிக் காட்டோரம் வளர்ந்தவர்கள். இந்த மலைகளில் மரை நிற்கிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, சாப்பாடு இறங்குகிற காலத்துக்குள் ஒருமுறை மரை இறைச்சி தின்ன வேண்டும் என்றார். காட்டு மரை கடையில் கிடைக்காது. அண்ணை அனுமதிப்பத்திரத்துக்கு எழுதினார். நான் இந்த நாட்டின் வடக்கே ஆட்டுப் பண்ணைகளில் நரி சுட்டவன், எனக்கு ஏற்கனவே இருந்தது.

கடைக்காரர் ரைபிள் எடுக்கச் சொன்னார். தம்பி மறுத்துவிட்டார். அவர்களுக்குத் தெரிந்தது சன்னம் போட்டுச் சுடும் வேட்டைத் துவக்குத்தான். அந்தக் காட்டில் நாற்பது அடி வைத்தால் அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்தத் தூரத்துக்குப் பெரிய ஒற்றைக் குண்டு போதும். அப்படியானால் வாய் ஒடுங்காத குழலாகப் பாருங்கள், ஒடுங்கிய குழலுக்கு ஒற்றைக் குண்டு சரிவராது என்றார் கடைக்காரர். குழல் நுனியில் குறிபார்க்கும் மணி மட்டும் வைத்த துவக்கால் இங்கே மரை சுடச் சட்டம் இடம் கொடுக்காது, கண்ணுக்குக் கிட்டே பின்குறியும் வேண்டும். கடைசியில் நடுவால் மடிக்கும் ஒற்றைக் குழல் ஒன்றைத் தம்பி தெரிந்தெடுத்தார். பின்குறியைக் கடையிலேயே பூட்டினார்கள். மரப்பிடி அண்ணையின் கைக்கு நீளம். நான் ஒரு விரல் அகலம் அறுத்து எடுத்து, அடியில் ரப்பர் வைத்துத் திருகினேன்.

குறி பார்க்கச் சுடுதளத்துக்குப் போன நாள் நல்ல குளிர். தம்பியைப் போர்வையோடு மடக்குக் கதிரையில் இருத்தியிருந்தோம். ஐம்பது மீட்டரில் கடதாசி. துவக்கை மணல் மூட்டையில் வைத்து, மூன்று வெடி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முதலாவதைச் சுட்டேன். நடுவிலே விழுந்தது. அடுத்த தோட்டாவை எடுக்கும்போது தம்பி கேட்டார்.

"பேப்பருக்கு எத்தினை வெடியடா? அது எழும்பி ஓடப்போகுதோ?"

எல்லோரும் சிரித்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோட்டா கிடைக்காத காலத்தில் சுடப் பழகிய மனிதர்கள் அவர்கள். ஒரு மிருகத்துக்கு ஒரு வெடி. இரண்டாவது வைத்தால் ஊரே நக்கலடிக்கும். ஒரு ஓட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மூன்றும் சேர்ந்து எங்கே விழுகின்றன என்று பார்த்தால்தான் துவக்கு எங்கே பார்க்கிறது என்று விளங்கும். அது எனக்குத் தெரியும். அண்ணைக்குத் தெரியாது. தம்பி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். நான் துவக்கைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

ஐந்து கிழமையில் அவர் இறந்துபோனார். வேட்டைக்குப் போக நாங்கள் குறித்த நாள் அதற்குப் பிறகுதான் இருந்தது.

எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். தம்பியின் இலையில் மரை இருக்க வேண்டும் என்று அண்ணை முடிவெடுத்தார். தம்பியின் மனைவி குசினி வாசலில் நின்று, "செத்த வீட்டிலயிருந்து இன்னொரு உயிரை எடுக்கப் போகாதேங்கோ, அத்தான்" என்றார். அண்ணை வாகனத்தை எடுத்தார், நானும் ஏறினேன்.

ஆறாம் நாள் விடியற்காலை, பன்னச்செடிகளுக்கு நடுவே ஒரு இளம் ஆண் மரை வந்து நின்றது. கிட்டத்தான். அண்ணை மரத்தில் தோளை ஊன்றி, அவசரப்படாமல் சுட்டார். மரை முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கியது. அந்தக் கூனலைக் கண்டதுமே வயிற்றில் பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இலைகளில் கிடந்த இரத்தத்தோடு அரைபட்ட புல்லும் இருந்தது. அன்று பொழுதுபடும்வரை தேடினோம். அடுத்த நாளும் தேடினோம். ஓடைக்கு அங்கால் ஒரு சொட்டும் இல்லை. அது எங்கேயோ படுத்து, மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது.

அந்த ஏழாம் நாள் மத்தியானம் அண்ணையிடம் துவக்கை வாங்கினேன். விழுந்து கிடந்த மரக்கட்டையில் கரியால் ஒரு புள்ளி வைத்து, ஐம்பது அடி வைத்துத் திரும்பி நின்று, மூன்று வெடி வைத்தேன். மூன்றும் இடப்பக்கம், கீழே, ஒரு சாண் தள்ளி. துவக்கு அங்கேதான் பார்த்தது. சுடுதளத்தில் என் தோள் இழுத்த ஒரு வெடி தற்செயலாக நடுவில் விழுந்திருக்கிறது.

அண்ணை கிட்டப் போய் அந்த மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவினார்.

"உனக்குத் தெரியும்தானே. அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

தம்பிதான் போதும் என்றவர் என்று சொல்லியிருக்கலாம். செத்த மனிதனின் பகிடியைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு வாய் வரவில்லை. தவிர, அது முழு உண்மையும் இல்லை. அவர் பகிடிதான் விட்டார். பெட்டியை மூடியவன் நான்.

"நீ போ" என்றார். "நான் அந்தப் பள்ளத்தை இன்னொருக்காப் பாத்திட்டு வாறன்."

வாகனத்தடியில் போய் நில் என்றுதான் அதற்கு அர்த்தம். நான் பையை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டேன். வாகனத்தில் மூன்று மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்து, வெறும் கையோடு அந்த வீட்டு வாசலில் இறங்க என்னால் முடியாது.

பொழுது சாயும்போது அவருடைய வாகனம் பின்னால் வந்தது. வேகம் குறைந்தது. நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். கொஞ்ச நேரம் இயந்திரம் ஓடியபடி நின்றது, பிறகு போய்விட்டது. பின்பெட்டியில் ஒன்றும் இல்லை.

தார் வீதியில் காய்கறிப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. சாரதி, ஆற்றோரப் பண்ணையில் வேலைக்கு ஆள் காணாது என்றார். மறுநாள் தம்பியின் எட்டாம் நாள். காலை ஆறு மணிக்கு அந்தப் பண்ணைக் கொட்டிலில் நின்றேன். முதுகில் நோவு உண்டோ என்று மட்டும் மேற்பார்வைக்காரி கேட்டாள். இல்லை என்றேன். ஒரு கத்தியும் மழைக்கோட்டும் தந்தாள். புரொக்கோலி வெட்டும் வேலை. தண்டை ஒரே வெட்டில் எடுத்துப் பக்கத்தில் உழவு இயந்திரத்தோடு ஊரும் பெட்டிக்குள் போட வேண்டும். டண்டினொங்கில் தம்பிக்கு இலை போடும் நேரம் நான் நாலாவது வரிசையில் நின்றேன்.